குளத்துக்கு எதிரே ஒரு பெஞ்சு

எழுந்திருக்கக் கூடாது. இப்போதைக்கு எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். எதிரே இருக்கும் குளத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தப் பாரிஸ் மியூசியத்துக்கு வருகிற எல்லாரையும் போல இந்த ஆளும் ஓவியத்தில் ஒன்றிப்போய்விட்டார் என்று நாலு பேர் நினைத்துக்கொள்ள வேண்டும். வாசலில் கொடுத்த மியூசியம் வரைபடத்தைப் பிரித்து மடிமேல் விரித்து வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே சந்தன நிறப் பேண்ட். உலகத்தில் எத்தனை நிறம் இருக்கிறது, போயும் போயும் சந்தன நிறம். கோதை காலையிலேயே சொன்னாள், "அப்பா, கருப்பு ஜீன்ஸ் வாங்கி வச்சிருக்கேன்ல, அதப் போட்டுக்கங்க." சம்பந்தியம்மாவோடு வெளியே போகிற அன்றைக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பையன் மாதிரி நிற்பதா என்று, என் மனைவி இந்திராணி ஊரில் தேய்த்து மடித்துப் பெட்டியில் வைத்த இதைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது அது நனைந்திருக்கிறது. முன்னால் தொடை வரைக்கும். பின்னால் எவ்வளவு என்று தெரியாது. தெரிந்துகொள்ள எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. பொதுப்பணித்துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற திருமேனி, பெற்ற மகளுக்குச் சம்பந்தம் முடிக்க வந்த இடத்தில், பேண்டிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு உட்கார்ந்திருக்கிறான். மனதுக்குள் சொல்லிப் பார்த்தாலே காது சுடுகிறது. வேறு மாதிரி சொல்லலாமா என்று பார்க்கிறேன். வேறு மாதிரி சொல்ல ஒன்றுமில்லை.

குளத்தைப் பார். குளத்தைத்தானே பார்க்க வந்தாய். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வளைந்து போகிற சுவர் முழுக்க ஒரே தண்ணீர். யாரோ ஒரு பெரியவர் தன் வீட்டுத் தோட்டத்தில் குளம் வெட்டி, அல்லி போட்டு வளர்த்து, கடைசிக் காலத்தில் அதையே திரும்பத் திரும்ப வரைந்தாராம். கண்ணில் புரை விழுந்தும் விடவில்லையாம். கோதைதான் சொன்னாள். "கிட்டப் போனா வெறும் தீற்றலாத்தாம்ப்பா இருக்கும். தள்ளி உக்காந்து பாருங்க, அப்பறம் பாருங்க, தண்ணியாயிரும்." தள்ளி உட்கார்ந்தேன், தண்ணியாகத்தான் ஆகிவிட்டது. சிரிக்கிற நேரமா இது. இந்தக் குளத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு, உட்கார்ந்ததிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. கரை இல்லை. சிவகங்கைப் பக்கம் கண்மாய் கண்மாயாக ஜீப்பில் அலைந்தே தலை நரைத்தவன் நான். தண்ணீரைக் கண்டால் என் கண் முதலில் கரையைத்தான் தேடும், அப்புறம் தண்ணீரைத் திறந்துவிடுகிற மடையை, அப்புறம் மிஞ்சின தண்ணீர் வழிந்து போகிற கலுங்கை. மூன்றும் இருந்தால்தான் அது கண்மாய், இல்லாவிட்டால் ஊருக்கு ஆபத்து. இங்கே மூன்றும் இல்லை. மேலே தெரிகிற வெள்ளை வானமா, தண்ணீரில் விழுந்த வானமா, ஒரு மரம் தொங்குகிறதே அது நிற்கிறதா முங்கிக் கிடக்கிறதா, ஒன்றும் பிடிபடவில்லை. ஊதாவும் பச்சையும் அலை அலையாக வந்து, நடுவில் அங்கங்கே ஒரு ரோஸ் பொட்டு, அதுதான் அல்லி. நம் ஊரில் இப்படி மண்டிக் கிடந்திருந்தால் செடி அகற்ற எஸ்டிமேட் போட்டு மேலே அனுப்பியிருப்பேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கோதையும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற நிரோஜனும் அடுத்த அறைக்குப் போனார்கள், அவன் அம்மா தவமலரும் பின்னாலேயே போனார். எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. கீழே இறங்கும் படிக்கட்டுப் பக்கம் கழிவறைப் பலகை இருப்பதை உள்ளே நுழையும்போதே பார்த்து வைத்திருந்தேன். இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் நான் முதலில் பார்க்கிற காட்சி அதுதான். போய்விட்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன். அவ்வளவுதான். நில் என்றேன், உடம்பு நிற்கவில்லை. மறுபடி தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்த பிறகும் போய்க்கொண்டேயிருந்தது. கண்ணைக் குளத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, முகத்தை ரசிக்கிற முகமாக வைத்துக்கொண்டு, முடியட்டும் என்று காத்திருந்தேன்.

எல்லாம் அந்தத் தேத்தண்ணியால் வந்தது. டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்கிறார்கள் அவர்கள், யாழ்ப்பாணத்துப் பேச்சு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தவமலர் அம்மா பெரிய பிளாஸ்க் நிறையப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், இஞ்சி தட்டி, சீனி தூக்கலாக. ரயிலில் ஒரு தடவை, இறங்கினதும் பூங்காவில் ஒரு தடவை, மியூசியத்து வரிசையில் நிற்கும்போது ஒரு தடவை. "குளிருக்கு நல்லது அண்ணை, குடியுங்கோ." குடித்தேன். "இன்னும் கொஞ்சம் விடட்டே?" விடுங்க என்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, ஏனென்றால் போன வாரம் சொல்லித் தொலைத்துவிட்டேன். வந்து இறங்கின மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அடுக்குமாடியில் சின்ன வீடு, மேசை முழுக்கப் பலகாரம், அந்த அம்மா ஒரு தட்டில் தண்ணீரும் தேத்தண்ணியும் கொண்டுவந்து நீட்டினார். திரும்பிக் கோதை வீட்டுக்குப் போக இரண்டு ரயில் மாற வேண்டும், நடுவில் எங்கேயும் இறங்கிப் போக இடம் இருக்குமா என்று தெரியாது, அந்தப் பயம் எனக்கு. ப்ராஸ்டேட். மதுரை டாக்டர் "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் சார்" என்று சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார். இந்திராணிக்கு மட்டும் தெரியும், மகளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதனால், "எதுவும் வேணாம்மா, இப்பத்தான் சாப்புட்டு வந்தோம்" என்றேன். ஒரு முறுக்கைக்கூடத் தொடவில்லை, முறுக்குத் தின்றால் தண்ணீர் கேட்குமே. அன்று சாயங்காலமே நிரோஜன் கோதையிடம் சொல்லியிருக்கிறான், அம்மா அழுதுகொண்டிருக்கிறார், இந்தியாவிலிருந்து வந்த பெரிய இன்ஜினியருக்கு நம் வீட்டில் கை நனைக்க மனசில்லை என்கிறார், சாதி பார்க்கிறாரோ, அகதியாக வந்தவர்கள் என்று பார்க்கிறாரோ என்று கேட்கிறார். கோதை என்னைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்திராணி போனில் கேட்டாள். "ஏங்க, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியுமா? இனி அந்தம்மா விஷத்தக் கொடுத்தாலும் வேணாம்னு சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழம நிச்சயம். என் பிள்ள வாழ்க்க." இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறவள், குரலில் மட்டும் குறைவில்லை. அதனால் குடித்தேன். ஒவ்வொரு தடவையும் கப்பைக் கவிழ்த்துக் காட்டுகிற மாதிரி குடித்தேன். அந்த அம்மா முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்ததைப் பார்த்துப் பெருமைகூடப் பட்டேன், மடையன்.

முதலில் சூடாக இருந்தது, அந்தச் சூட்டில் ஒரு நிமிஷம் சுகம்கூட இருந்தது, அதை நினைத்தால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது. இப்போது குளிர்கிறது. பெஞ்சுக்குச் சாம்பல் நிறத்தில் துணி உறை போட்டிருக்கிறார்கள், மரமாக இருந்திருந்தால் கைக்குட்டையால் துடைத்திருக்கலாம், துணி உறிஞ்சி வைத்துக்கொண்டது. என் வலது பக்கம் கையை வைத்துப் பார்த்தேன், ஈரம் அங்கேயும் போயிருக்கிறது. வெளிச்சம் குறைவு, பார்த்தால் தெரியாது. வாடை? எனக்கு வருகிறது, மற்றவர்களுக்கு வருமா? இடது கோடியில் ஒரு வெள்ளைக்கார ஜோடி வந்து உட்கார்ந்தது. அவள் தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டு குளத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள். பார்த்து முடித்துப் போனார்களா, வாடை வந்து போனார்களா? அவள் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. சும்மாதான் பார்த்தாளோ என்னவோ. வாசலில் நிற்கிற காவலாளி ஒரு தடவை பார்த்தான். நான் குளத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், ஆகா என்கிற மாதிரி. என் கோட்டாவது இருந்திருக்கலாம், இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடியிருக்கலாம். உள்ளே வெக்கையாக இருக்கும் என்று கோதை அதை வாங்கி வாசலிலேயே ஒப்படைத்துவிட்டாள். கீழே போகும் படிக்கட்டுக்கு இந்த அறையைத் தாண்ட வேண்டும், முன்கூடத்தைத் தாண்ட வேண்டும், அத்தனை பேர் முன்னாலும் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். போனாலும் அங்கே போய் என்ன செய்வது? பேண்டைப் பிழிந்து போட்டுக்கொண்டு வருவதா? உலரும் வரைக்கும் உட்கார்ந்துவிடலாம். உலருமா? இந்த ஊர்க் குளிரில் கைக்குட்டையே இரண்டு நாள் ஆகிறது. அதற்குள் அவர்கள் வந்துவிடுவார்கள். கோதை வருவாள். வந்து, "எப்படிப்பா இருக்கு?" என்று குளத்தைக் கேட்பாள். அப்புறம் மூக்கைச் சுளிப்பாள். பிறந்த குழந்தையாக என் மடியில் எத்தனை தடவை நனைத்தவள், அதெல்லாம் கணக்கா என்ன, அது வேறு இது வேறு. அவள் சுளிக்க மாட்டாள், அதுதான் பயம். சுளிக்காமல், ஒன்றும் நடக்காத மாதிரி, "சரி வாங்கப்பா" என்பாள், என்னை ஒரு நோயாளியாகப் பார்க்கிற கண்ணோடு. அந்தக் கண்ணை நான் தாங்க மாட்டேன்.

ஜீப்பில் போகிற காலத்தில் எனக்கு இந்தக் கவலையே கிடையாது. எங்கே முட்டினாலும் டிரைவரை நிறுத்தச் சொல்லி ஒரு கருவேல மரத்தைப் பார்த்துப் போய்விடுவேன். வாணி என்று ஒரு உதவிப் பொறியாளர் பெண் கூட வரும், நாள் முழுக்க வெயிலில் கரை மேல் நடக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காது. இந்தப் பெண்ணுக்குத் தாகமே எடுக்காது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எதற்கு அவள் நினைப்பு. குளத்தைப் பார். தண்ணீர் நகர்கிற மாதிரி இருக்கிறது, கண்ணில் ஏதோ கட்டிக்கொண்டதால் அப்படித் தெரிகிறது. அழப்போகிறாயா? அதையும் செய்துவிடு, அது ஒன்றுதான் பாக்கி. எப்படியும் யாராவது வந்து ஒரு வழி செய்வார்கள். யாராக இருந்தாலும் பரவாயில்லை, அந்த அம்மா மட்டும் வரக் கூடாது. காவலாளி வரட்டும், போலீஸ் வரட்டும், அந்த அம்மா வரக் கூடாது.

அந்த அம்மாதான் வந்தார். நீளமான கருப்புக் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோளில் அந்தப் பிளாஸ்க் பையோடு, சற்று வேகமாகவே வந்தார். எப்போதும் குளிருகிறது என்று அவர் மட்டும் கோட்டைக் கழற்றவில்லை. "இதிலயே இருக்கிறியளோ அண்ணை? பிள்ளையள் இன்னும் படம் பாத்து முடியேல்ல. எனக்கெண்டால் கால் உளைஞ்சு போச்சு, நானும் உங்களோட கொஞ்சம் இருக்கப் போறன்." சொல்லிக்கொண்டே என் வலது பக்கம் வந்து, உட்காரத் திரும்பினார். வலது பக்கம். ஈரம் இருக்கிற பக்கம். விட்டுவிடலாம், உட்காரட்டும், பிறகு யாருடையது என்று யாருக்குத் தெரியும், ஏற்கெனவே ஈரமாக இருந்தது என்று சொல்லிவிடலாம், இப்படியெல்லாம் அந்த ஒரு நொடிக்குள் நினைத்தேன் என்பது எனக்கே நம்ப முடியவில்லை. நாளை மறுநாள் நிச்சயம் முடிந்தால் என் மகளுக்கு மாமியாராகப் போகிறவரை என் மூத்திரத்தின் மேல் உட்கார வைத்துவிட்டுக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா? "உக்காராதீங்க" என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. காவலாளிகூடத் திரும்பினான்.

பாதி குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் காலையிலிருந்து ஒவ்வொரு கப்பாக நான் சேர்த்து வைத்த மலர்ச்சி எல்லாம் இறங்கிப் போனது. "சரி அண்ணை" என்றார், மெல்ல. "பக்கத்தில இருக்கிறது உங்களுக்குச் சரிவராதாக்கும். நான் அங்கால நிக்கிறன்." திரும்பிவிட்டார். போகிறார். அந்தக் கருப்பு முதுகு போகிறது, அதோடு ஞாயிற்றுக்கிழமை போகிறது, கோதை போகிறாள். ஒரு வார்த்தை சொன்னால் நிற்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் ஆயுசுக்கும் இந்த அம்மா முகத்தில் நான் விழிக்க முடியாது. கல்யாண மேடையில், பேரப்பிள்ளைக்குக் காது குத்துகிற அன்றைக்கு, எங்கே பார்த்தாலும் அவருக்கு இந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வரும். சொல்லாவிட்டால் மேடையே இல்லை. "தங்கச்சி" என்றேன். இதுவரை சம்பந்தியம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. நின்றார். "அங்க ஈரமா இருக்கு." அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "மழையெண்டும் இல்லையே, எங்கால ஈரம்?" "நான்தாம்மா." மடியிலிருந்த வரைபடத்தைக் கொஞ்சம் தூக்கினேன். "அடக்க முடியல. எழுந்தேன், போயிருச்சு." சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கவேயில்லை. செத்துப் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவர் குரல் கிட்டத்தில் கேட்டது, மிகத் தணிவாக. "அண்டைக்கு எங்கட வீட்டில ஒண்டும் வேண்டாமெண்டனீங்கள். அதுவும் இதுக்குத்தானோ?" தலையை ஆட்டினேன். "ஐயோ அண்ணை, நான் விடிய விடியக் கிடந்து அழுதனான்." சுற்றிப் போய் என் இடது பக்கம் உட்கார்ந்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தேன், இரண்டும்தான். "நான் மூண்டு பெத்தனான். தும்மினாலே எனக்குப் போகும், கைப்பையில மாத்திறதுக்கு எப்பவும் ஒரு உடுப்பு இருக்கும். இண்டைக்கு நீங்கள் குடிக்கக் குடிக்க, விருந்தாளியைத் தனியக் குடிக்க விடக் கூடாதெண்டு நானும் குடிச்சனான். கால் உளையுதெண்டது பொய். வரிசையில நிக்கேக்கையே எனக்கு முட்டத் தொடங்கிட்டுது. நீங்கள் தனிய இருக்கிறியள், சொல்லாமப் போனா மரியாதையில்லை, அதைச் சொல்லிப் போறதும் எப்பிடியெண்டு தெரியாமத்தான் வந்து இருக்கப் பாத்தனான்." இரண்டு பேரும் எதிரே கரையில்லாத அந்தக் குளத்தைப் பார்த்தோம். அப்புறம் அவர், "இனியும் இருந்தா எனக்கும் இதில போயிடும், எழும்புங்கோ" என்று சொல்லிக் கோட்டைக் கழற்றினார். எழுந்தேன். அவர் பின்னால் நின்று மறைத்துக்கொண்டு அதை எனக்கு மாட்டிவிட்டார். கழுத்தில் பூனை முடி மாதிரி ஏதோ வைத்துத் தைத்த பொம்பளைக் கோட்டு, தோள் பிடிக்கிறது, ஆனால் முழங்காலுக்குக் கீழே வரைக்கும் மறைக்கிறது. காவலாளியிடம் போய்ப் பெஞ்சைக் காட்டிப் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். எனக்கு மறுபடி காது சுட்டது. "என்ன சொன்னீங்க?" "தண்ணிப் போத்தில் கவிண்டு போச்செண்டனான். வாங்கோ கெதியா." முன்கூடத்தை இரண்டு பேரும் ஏறக்குறைய ஓடித்தான் கடந்தோம்.

கழிவறையிலிருந்து திரும்பி மேலே வரும்போது படிக்கட்டு முனையில் கோதையும் நிரோஜனும் நிற்கிறார்கள். எங்களைத் தேடியிருக்கிறார்கள். கோதையின் கண் கழுத்து முடியிலிருந்து கடைசிப் பொத்தான் வரைக்கும் இறங்குகிறது. "என்னப்பா இது, ஆன்ட்டி கோட்டு?" கோட்டின் முன்பக்கத்தை இழுத்துப் பிடிக்கிறேன். "அண்ணைக்குக் குளிருது" என்கிறார் தவமலர். "உங்களுக்கு அம்மா?" என்கிறான் நிரோஜன். "எனக்கு வேர்க்குது." கோதை இன்னும் என்னையே பார்க்கிறாள். தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா, சொல்ல முடியவில்லை. ஈரம் காலில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, வெட்கமும் அப்படியேதான் இருக்கிறது, ஒன்றும் காய்ந்துவிடவில்லை. வீட்டுக்குப் போனதும் மகளிடம் நானே சொல்லிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தவமலர் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார். உதட்டை இறுக்கிக்கொண்டு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறார். "தேத்தண்ணி இன்னும் கிடக்குது. ஒரு வாய் குடிக்கிறியளோ அண்ணை?"

"வேணாம்" என்றேன்.

நிரோஜன் முகம் செத்துவிட்டது. கோதை என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். தவமலர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மியூசியம் என்றும் பாராமல், சத்தம் போட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.